ஒரு வரிக்கு அறுபது ஆண்டு

1932-ல் அமெரிக்காவில் ஒரு வீட்டுக்கு என்ன விலை என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. பங்குச்சந்தை சரிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலை போனவர்கள் தவணை கட்ட முடியாமல் தவித்தார்கள். கடன் கொடுத்தவர்கள் வீடுகளை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஏலம் கேட்க ஆள் இல்லை. அடுத்த ஆண்டு நிலைமை இன்னும் முற்றி, நாளொன்றுக்கு ஆயிரம் வீடுகள் வரை பறிபோயின. அதுவரை வீட்டுக்கு விலை சொன்னவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் புரோக்கர்கள். வாசலில் நின்று பார்ப்பார்கள், தெருவை ஒரு நோட்டம் விடுவார்கள், மனதில் பட்ட தொகையைச் சொல்வார்கள். அந்தத் தொகையை நம்பிக் கடன் கொடுத்த வங்கிகள் வரிசையாக மூடப்பட்ட பிறகு, வாய்க்கு வந்த விலை இனிச் செல்லாது என்பது எல்லோருக்கும் உறைத்தது. வீட்டை மதிப்பிட ஒரு சாஸ்திரம் வேண்டும். அதை எழுதப்போவது யார்?

முன்வந்தது சிகாகோ. நாட்டின் ரியல் எஸ்டேட் புரோக்கர்களுக்கான தேசியச் சங்கம் 1908-ல் பிறந்த ஊர் அது. 1932-ல் அந்தச் சங்கத்தின் மடியிலேயே அமெரிக்க ரியல் எஸ்டேட் மதிப்பீட்டாளர் கழகம் தொடங்கப்பட்டது. பாடத்திட்டம், பரீட்சை, பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள மூன்றெழுத்துப் பட்டம் என்று, புரோக்கர் தொழிலிலிருந்து படித்தவர்களின் தொழில் ஒன்று கிளைத்தது. சுவரின் கனம், கூரையின் வயது, மனையின் அகலம் எல்லாவற்றுக்கும் கணக்கு வந்தது. ஆனால் எந்த வீடும் தனியாக நிற்பதில்லை. அதைச் சுற்றி ஒரு தெரு, தெருவைச் சுற்றி ஒரு பேட்டை. அந்தப் பேட்டைக்குக் கணக்குப் போடுவது எப்படி? அதற்கு அவர்களிடம் ஒரு பழைய சரக்கு கைவசம் இருந்தது.

புரோக்கர் சங்கம் 1924-ல் தன் உறுப்பினர்களுக்கென்று ஒழுக்க விதிகளை வகுத்திருந்தது. அதன் 34-ஆம் விதி, ஒரு பேட்டையின் சொத்து மதிப்பைக் குறைக்கும் என்று தெரிகிற இனத்தாரையோ நாட்டாரையோ அங்கே குடிவைக்க எந்தப் புரோக்கரும் காரணமாக இருக்கக்கூடாது என்றது. மதிப்பு குறையும் என்பதற்கு ஆதாரம் எதையும் விதி சொல்லவில்லை. அதே சிகாகோவில் 1917 ஜூலை முதல் 1921 மார்ச் வரை, வெள்ளையர் பகுதிகளில் குடியேறிய கருப்பினத்தவர்களையும் அவர்களுக்கு வீடு கொடுத்தவர்களையும் குறிவைத்து 58 குண்டுகள் வெடித்திருந்தன. குண்டு வெடிக்கிற தெருவில் விலை இறங்காமல் என்ன செய்யும்? விலையை இறக்கியது குண்டா, குடிவந்தவரா என்று பிரித்துப் பார்க்கப் புரோக்கர்கள் மெனக்கெடவில்லை. இந்த நேரத்தில் நன்றாகப் படித்த ஒருவர் பேனாவை எடுத்தார்.

அவர் பெயர் ஹோமர் ஹாய்ட். சிகாகோவில் நில வியாபாரத்தில் இருந்தவர். முனைவர் பட்டத்துக்காக அந்த நகரத்தின் நூறு ஆண்டு நில விலைகளைத் தோண்டி எடுத்தார். 1833-ல் ஒரு சிற்றூராகப் பதிவான இடம், எந்தெந்த ஆண்டில் எந்தெந்தத் தெருவில் என்ன விலைக்குப் போனது என்று பத்திரம் பத்திரமாகப் பார்த்து எழுதிய பெரிய உழைப்பு அது. 1933-ல் புத்தகமாக வந்தபோது அதன் ஒரு பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. யார் குடியிருந்தால் நிலத்தின் விலை ஏறும், யார் குடியிருந்தால் இறங்கும் என்று மனிதர்களைப் பத்துப் படிகளில் நிறுத்தியிருந்தது அந்தப் பட்டியல். முதல் படியில் ஆங்கிலேயர், ஜெர்மானியர், ஸ்காட்லாந்துக்காரர், ஐரிஷ்காரர், ஸ்காண்டிநேவியர். இரண்டாவதில் வட இத்தாலியர். பிறகு செக் மக்கள், போலந்துக்காரர், லிதுவேனியர், கிரேக்கர். ஏழாவது படி ரஷ்ய யூதர்களுக்கு. வட இத்தாலியரின் சொந்த நாட்டவரான தென் இத்தாலியர் எட்டாவதில் கிடந்தார்கள். ஒன்பதாவது கருப்பினத்தவர், பத்தாவது மெக்சிகோக்காரர்.

இந்தப் பட்டியல் எந்த ஆராய்ச்சியில் கிடைத்தது? எதிலும் இல்லை. மேற்கு சிகாகோவைச் சேர்ந்த ஒரு ரியல் எஸ்டேட் ஏஜெண்ட் தந்த வரிசை அது. ஹாய்ட் அதை மறைக்கவும் இல்லை. இனங்களின் இயல்பு என்று பார்த்தால் இந்த வரிசை அறிவியல்படி தவறாகவே இருக்கலாம், ஆனால் ஊரில் நிலவும் தப்பெண்ணம் விலையில் எதிரொலிக்கிறது என்பதால் பதிவு செய்கிறேன் என்ற பொருளில் ஒரு குறிப்பும் எழுதினார். வாய்ச்சொல் விலையை ஒழிக்கப் புறப்பட்ட சாஸ்திரத்துக்குள் ஒரு புரோக்கரின் வாய்ச்சொல் இப்படித்தான் நுழைந்தது. பட்டியல் பிறகு மதிப்பீட்டுக் கையேடுகளுக்குப் போனது. அதற்குள் வாஷிங்டனிலிருந்து ஹாய்ட்டுக்கு அழைப்பு வந்துவிட்டது.

அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு அப்போது வீட்டுக் கடன்களைக் காப்பாற்ற இரண்டு அமைப்புகளைத் தொடங்கியிருந்தது. முதலாவது, 1933-ல் வந்த வீட்டு உரிமையாளர் கடன் கழகம். மூழ்கிக்கொண்டிருந்த சுமார் பத்து லட்சம் குடும்பங்களின் கடன்களை அது வாங்கிக்கொண்டது. பிறகு 200-க்கும் மேற்பட்ட நகரங்களைப் பேட்டை பேட்டையாக அளந்து வரைபடம் தயாரித்தது. பச்சை முதல் தரம், நீலம் இரண்டாவது, மஞ்சள் மூன்றாவது, சிவப்பு கடைசி. ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு பக்கப் படிவம் இருந்தது. அதில் குடியிருப்போர் என்ற தலைப்பின்கீழ் வரிசையாகக் கட்டங்கள்: என்ன தொழில் செய்கிறவர்கள், ஆண்டு வருமானம் எவ்வளவு, வெளிநாட்டில் பிறந்தவர்கள் எத்தனை சதவீதம், நீக்ரோக்கள் உண்டா, உண்டென்றால் எத்தனை சதவீதம். அதற்கடுத்த கட்டத்தின் பெயர் 'ஊடுருவல்'. யார் ஊடுருவுகிறார்கள் என்று அதில் எழுத வேண்டும். காசு கொடுத்து வீடு வாங்கிக் குடிபோகும் ஒரு குடும்பத்துக்கு அரசாங்கத்தின் அச்சடித்த காகிதம் வைத்த பெயர் அது.

சிவப்பு வரைபடங்கள்தான் எல்லாக் கேட்டுக்கும் வேர் என்று பின்னாளில் பலரும் எழுதினார்கள். அந்தக் கழகம் தன் கடன்களில் பெரும்பகுதியை வரைபடங்கள் தயாராகும் முன்பே கொடுத்து முடித்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உண்மையான கதவடைப்பு இரண்டாவது அமைப்பில் நடந்தது.

1934-ல் பிறந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், சுருக்கமாக எஃப்.எச்.ஏ., கடன் கொடுக்காது. வங்கி கொடுக்கும் கடனுக்குக் காப்பீடு கொடுக்கும். அந்தக் காப்பீடு இருந்தால் வங்கி குறைந்த வட்டிக்கு, நீண்ட தவணைக்குக் கடன் தரும். இல்லையென்றால் கூலிக்காரக் குடும்பத்துக்குச் சொந்த வீடு கனவுதான். எந்த வீட்டுக்குக் காப்பீடு என்று முடிவெடுக்கும் பிரிவுக்குத் தலைவராக வந்தவர் சிகாகோவின் ஃபிரெடரிக் பாப்காக். 1932-ல் மதிப்பீடு பற்றிப் பெரிய நூல் எழுதியவர். குடியிருப்போரின் இனம் மாறினால் பேட்டை வேகமாகச் சரியும் என்று அதில் வாதிட்டவர். ஹாய்ட் அங்கே வீட்டுப் பொருளாதார நிபுணராகச் சேர்ந்தார். புரோக்கர் சங்கத்து நம்பிக்கை இப்போது அரசாங்க முத்திரையுடன் ஒரு கையேடாக உருவானது.

அந்தக் கையேட்டில் பேட்டைக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். பொருளாதார நிலைத்தன்மைக்கு 40. அதற்கு அடுத்த பெரிய எடை, 'பாதகமான தாக்கங்களிலிருந்து பாதுகாப்பு' என்ற அம்சத்துக்கு 20. போக்குவரத்து வசதிக்கே 10 தான். பாதகமான தாக்கங்கள் எவை என்ற விளக்கத்தில் கடைகள், தொழிற்சாலைகளோடு ஒத்துப்போகாத இனத்தாரும் ஒரே வரிசையில் எண்ணப்பட்டார்கள். பாதுகாப்புக்கு வழியையும் கையேடே சொன்னது. கிரயப் பத்திரத்தில் இன்னின்ன இனத்தாருக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை எழுதி வைக்கலாம். பசிபிக் கரையோரத்துப் பத்திரங்கள் சிலவற்றில் அந்த இனங்களின் பட்டியலில் 'ஹிந்து' என்ற சொல்லும் உண்டு. இந்தியாவிலிருந்து வந்த எவரையும் அன்றைய அமெரிக்கா அப்படித்தான் அழைத்தது. இன்னொரு வழி, இரு பேட்டைகளுக்கு நடுவே இயற்கையாகவோ செயற்கையாகவோ ஒரு தடுப்பு இருப்பது. இந்த இரண்டாவது வழியை டெட்ராய்ட்டில் ஒருவர் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்.

டெட்ராய்ட் நகரின் வடக்கு ஓரத்தில், எட்டு மைல் சாலைக்குப் பக்கத்தில், 1920-கள் முதல் கருப்பினக் குடும்பங்கள் மனை வாங்கித் தங்கள் கையாலேயே வீடு கட்டிக் குடியிருந்தன. 1940 வாக்கில் அதையொட்டிய காலி நிலத்தில் வெள்ளையர்களுக்கென்று வீடுகள் கட்ட ஒரு பில்டர் வந்தார். எஃப்.எச்.ஏ. காப்பீடு தர மறுத்தது. காரணம், பக்கத்தில் இருந்தவர்கள். நிலத்தைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. பக்கத்தில் இருந்தவர்களும் போகப்போவதில்லை. 1941-ல் அவர் ஒரு சுவர் எழுப்பினார். ஆறடி உயரம், ஓரடி கனம், அரை மைல் நீளத்துக்குக் கான்கிரீட். வீடுகளின் கொல்லைப்புறத்தை ஒட்டி, எல்லைக்கோட்டின் மேலேயே ஓடியது. இந்தப் பக்கத்துக் குழந்தை அந்தப் பக்கத்து மரத்தின் உச்சியைத்தான் பார்க்க முடியும். ஒரு திருடனைக்கூடத் தடுக்க முடியாத சுவர் அது. இரண்டு முனைகளையும் சுற்றிக்கொண்டு யாரும் நடந்து போகலாம். ஆனால் மதிப்பெண் படிவத்துக்கு அது போதுமானதாக இருந்தது. சுவர் எழும்பியது, காப்பீடு கிடைத்தது. மண்ணும் காற்றும் தண்ணீரும் மாறாத ஒரு நிலத்தின் தரம், ஒரு சுவரால் உயர்ந்துவிட்டது.

பத்திர நிபந்தனைகளுக்கு அடி விழுந்தது 1948-ல். செயின்ட் லூயிஸ் நகரின் லபாடி அவென்யூவில் ஒரு கருப்பினக் குடும்பம் வாங்கிய வீட்டைப் பற்றிய 'ஷெல்லி எதிர் கிரேமர்' வழக்கில், இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் மூன்று பேர் வழக்கை விசாரிக்காமல் விலகிக்கொண்டார்கள். காரணம் சொல்லவில்லை. அவர்களுடைய வீட்டுப் பத்திரங்களிலேயே அந்த நிபந்தனை இருந்திருக்கும் என்பது அன்றிலிருந்து நிலவும் ஊகம். தீர்ப்பு வந்தது, பத்திரம் பலமிழந்தது. ஆனால் மதிப்பீட்டாளரின் கையில் இருந்த பேனாவை அந்தத் தீர்ப்பு தொடவே இல்லை.

இந்த இடத்தில் ஒருவர் எளிமையான ஒரு வேலையைச் செய்தார். இவ்வளவு காலமாக எல்லோரும் சொல்லிவந்தது உண்மைதானா என்று போய்ப் பார்த்தார். பொருளாதார அறிஞர் லூயிஜி லாரெண்டி, சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாண்ட், பிலடெல்பியா பகுதிகளில் சுமார் 10,000 வீட்டு விற்பனைகளைச் சேகரித்தார். வேற்றினத்தார் குடிவந்த பேட்டையையும், அதே வயது, அதே தரத்தில் யாரும் புதிதாக வராத பேட்டையையும் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார். 1960-ல் முடிவை வெளியிட்டார். ஒப்பீடுகளில் 85 சதவீதத்தில் கலந்து வாழ்ந்த பேட்டையின் விலை மற்றதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தது. இதில் வியப்புக்கு இடமே இல்லை. நகரத்தின் முக்கால்வாசிக் கதவுகள் சாத்தியிருக்கும்போது, திறந்திருக்கும் ஒரு கதவுக்கு அதிக விலை கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். விலை இறங்கிய இடங்களில் பல, புரோக்கர்களே பீதி கிளப்பிய இடங்கள். கருப்பினத்தவர் வரப்போகிறார்கள் என்று கதவு கதவாகச் சொல்லி, வெள்ளையரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி, வந்தவர்களிடம் கொள்ளை விலைக்கு விற்றார்கள்.

முப்பது ஆண்டு நம்பிக்கையைச் சாய்க்க அந்த ஆய்வு போதுமானதாக இருந்திருக்க வேண்டும். பாடப்புத்தகங்கள் அசையவில்லை. மதிப்பீட்டாளர் கழகத்தில் பரீட்சைக்குப் படித்த இளைஞர்கள் 1960-களிலும் பழைய பாடத்தையே படித்துத் தேறினார்கள். அசைய வைக்க ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

1966 கோடையில் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவுக்கு வந்து, வீட்டுவசதியில் பாகுபாட்டை எதிர்த்து ஊர்வலம் நடத்தினார். ஆகஸ்ட் 5 அன்று மார்க்வெட் பார்க்கில் எறியப்பட்ட கல் அவர் தலையில் பட்டு அவர் மண்டியிட்டு விழுந்தார். வீட்டுவசதிச் சட்ட மசோதா அந்த ஆண்டு செனட்டில் செத்தது. 1968 மார்ச்சில் இன்னொரு மசோதா செனட்டைத் தாண்டி, பிரதிநிதிகள் சபையில் சிக்கிக் கிடந்தது. ஏப்ரல் 4-ல் மெம்பிஸில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரங்கள் பற்றி எரிந்தன. ஏப்ரல் 10-ல் சபை மசோதாவை நிறைவேற்றியது. மறுநாள் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். வீடு விற்பவர், வாடகைக்கு விடுபவர், புரோக்கர், கடன் கொடுப்பவர் என்று பலரையும் அந்தச் சட்டம் கட்டிப்போட்டது. ஒருவரின் பெயர் மட்டும் அதில் இல்லை. மதிப்பீட்டாளர் என்ற சொல்லே சட்டத்தில் விடுபட்டிருந்தது.

அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பதைச் சிகாகோவின் ஆஸ்டின் பகுதியில் இருந்தவர்கள் உணர்ந்தார்கள். கேல் சின்கோட்டா ஆறு பிள்ளைகளின் தாய், வெள்ளை இனப் பெண். பேட்டைக்குள் கருப்பினக் குடும்பங்கள் வரத் தொடங்கியதும் வங்கிகள் கடனை நிறுத்துவதையும், கடன் இல்லாத தெரு சீரழிவதையும், சீரழிந்ததைக் காட்டி மேலும் கடன் மறுக்கப்படுவதையும் கண்கூடாகப் பார்த்தார். அக்கம்பக்கத்தாரைத் திரட்டினார். எந்தப் பகுதியில் எவ்வளவு கடன் கொடுத்தோம் என்று வங்கிகள் கணக்குக் காட்ட வேண்டும் என்ற சட்டம் 1975-ல் வந்ததற்கு அவர் நடத்திய இயக்கம் பெரிய காரணம். ஆனால் கடன் மறுக்கும் கோப்பைப் புரட்டினால் உள்ளே ஒரு மதிப்பீட்டு அறிக்கை இருக்கும். பேட்டை சரிகிறது என்று அதில் எழுதியிருக்கும். வங்கியைக் கேள்வி கேட்கலாம். அறிக்கை எழுதியவரை யார் கேட்பது?

1976-ல் மத்திய அரசின் நீதித் துறை கேட்டது. சிகாகோ நீதிமன்றத்தில் நான்கு அமைப்புகள்மீது ஒரே வழக்கு: மதிப்பீட்டாளர் கழகம், மதிப்பீட்டாளர்களின் இன்னொரு சங்கம், சேமிப்பு நிறுவனங்களின் சங்கம், அடமான வங்கியாளர் சங்கம். குற்றச்சாட்டு எந்தத் தனி வீட்டைப் பற்றியதும் இல்லை. இவர்கள் சொல்லிக்கொடுக்கும் பாடமே சட்டவிரோதம் என்பதுதான் வழக்கு. 1968 சட்டம் மதிப்பீட்டாளர்களைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வி எழுந்தபோது, கட்டுப்படுத்தும் என்றே நீதிமன்றம் சொன்னது. கழகம் 1977-ல் சமரசத்துக்கு வந்தது. கழகத்து உறுப்பினர் தரப்பிலிருந்தே எதிர்ப்பு வந்தும் நீதிமன்றம் அந்தச் சமரசத்தை ஏற்றது. கழகம் தன் பாடநூலைத் திருத்தவும் புதிய கொள்கையை அறிவிக்கவும் ஒப்புக்கொண்டது. ஒரே இனத்தார், ஒரே மதத்தார் வாழ்ந்தால்தான் உச்ச விலை கிடைக்கும் என்ற அனுமானத்தில் மதிப்புச் சொல்வது முறையற்றது. விலை எந்தப் பக்கம் போகும் என்று கணிக்க இனமும் மதமும் நம்பத்தக்க அளவுகோல்கள் ஆகா என்று அந்தக் கொள்கை கூறியது. ஹாய்ட்டின் பட்டியல் அச்சேறி 44 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கொள்கை கழகத்தின் புத்தகத்தில் இருந்தது. ஆனால் தெருவில் இறங்கி வேலை செய்யும் மதிப்பீட்டாளர் தினமும் கையில் வைத்திருப்பது புத்தகம் இல்லை, படிவம். அமெரிக்காவில் வங்கிகள் கொடுக்கும் வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் இரண்டு பெரிய நிறுவனங்கள் ஃபேனி மேயும் ஃப்ரெடி மேக்கும். அவை ஏற்றுக்கொள்ளும் படிவம் எதுவோ அதுவே நாடு முழுக்கச் செல்லும் படிவம். 1986-ல் எல்லோருக்கும் பொதுவாக வந்த பதிப்பில் பேட்டைக்கு ஒரு பகுதி இருந்தது. வேலைவாய்ப்பு, பள்ளிக்கூடம், கடைத்தெரு தொடங்கி வீடுகளின் பொதுத் தோற்றம், வாங்குவோரைக் கவரும் தன்மை வரை ஒவ்வொன்றுக்கும் நல்லது, சராசரி, சுமார், மோசம் என்று நான்கு கட்டங்கள். ஒன்றில் டிக் அடித்தால் போதும். அந்தப் பகுதியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: இனத்தையும் பேட்டையின் இனக் கலவையையும் நம்பத்தக்க மதிப்பீட்டுக் காரணிகளாக இந்த இரு நிறுவனங்களும் கருதுவதில்லை. நம்பத்தக்கவை இல்லை என்றால், நம்பிக்கை குறைந்த காரணியாக எங்கோ ஓர் ஓரத்தில் இருந்துவிட்டுப் போகலாமா? குறிப்பு அதற்குப் பதில் சொல்லவில்லை.

அதற்குள் இரண்டு சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன. 1988-ல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட திருத்தம், 1968 சட்டத்தில் விடுபட்ட சொல்லைச் சேர்த்தது. வீட்டை மதிப்பிடுவதும் இப்போது சட்டத்தின் வாசகத்திலேயே ஏறிவிட்டது. இரண்டாவது, யாரும் எதிர்பாராத ஒரு விபத்து. சேமிப்பு-கடன் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் திவாலாகி, அவற்றின் கோப்புகளைத் திறந்தபோது, ஊதிப்பெருக்கிய மதிப்பீட்டு அறிக்கைகள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. இனத்துக்கும் இந்தத் திவாலுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் 1989-ல் வந்த சட்டம், மதிப்பீட்டாளருக்கு மாநில உரிமம் வேண்டும், தேசிய அளவில் ஒரே விதிப்புத்தகத்தை அவர் பின்பற்ற வேண்டும் என்றது. விதியை மீறினால் உரிமம் போகும் என்ற பயம் அந்தத் தொழிலுக்கு அப்போதுதான் முதன்முதலாக வந்தது.

1993 ஜூனில் படிவம் மறுபடி திருத்தப்பட்டது. நான்கு கட்டங்களில் பேட்டைக்கு மார்க் போடும் அட்டவணை போய்விட்டது. குறிப்பிலிருந்து 'நம்பத்தக்க' என்ற அடைமொழியும், யார் கருதுகிறார்கள் என்ற சுற்றிவளைப்பும் போய்விட்டன. மிஞ்சியது ஒரே வரி: "குறிப்பு: இனமும் பேட்டையின் இனக் கலவையும் மதிப்பீட்டுக் காரணிகள் அல்ல." 2005-ல் படிவம் ஆறு பக்கமாக வளர்ந்தபோதும் முதல் பக்கத்தில் அந்த வரி அப்படியே நின்றது. அமெரிக்காவில் வீட்டுக் கடன் வாங்கிய கோடிக்கணக்கானவர்கள் கையில் வந்த காகிதத்தில் அது இருக்கிறது. கண்ணில் பட்டாலும் யாரும் நின்று படிப்பதில்லை. 1933-ல் ஒரு புரோக்கர் சொன்ன பட்டியலை மறுத்து, அதே தொழிலின் காகிதத்தில் இந்த ஒரு வரி ஏற அறுபது ஆண்டுகள் பிடித்தன.

கதை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அந்த வரிக்குக் கீழே, 'பேட்டை விவரம்' என்று ஒரு காலிப் பெட்டி இருந்தது. அதில் மதிப்பீட்டாளர் சொந்த வாக்கியத்தில் எழுதலாம். இனம் என்ற சொல்லை எழுத முடியாதவர்களுக்கு வேறு சொற்கள் கிடைத்தன. குற்றம் மலிந்த பகுதி, விரும்பத்தகாத பேட்டை, வீட்டைப் பெருமையாக வைத்துக்கொள்ளாதவர்கள் என்பவை அவற்றில் சில. ஆகவே ஃபேனி மே தன் வழிகாட்டியில் சொற்களையே பட்டியலிட்டு விலக்கியது. இங்கேதான் பல மதிப்பீட்டாளர்களுக்கு எரிச்சல் வந்தது. 'மோசமான பேட்டை' மட்டுமில்லை, 'நல்ல பேட்டை', 'விரும்பத்தக்க இடம்' என்பவையும் விலக்கப்பட்ட பட்டியலில் இருந்தன. பாராட்டக்கூடவா கூடாது? கூடாது என்பதுதான் சரி. ஒரு பேட்டையை நல்லது என்று எழுதி, பக்கத்துப் பேட்டைக்கு அந்தச் சொல்லை எழுதாமல் விட்டாலே சேதி போய்ச் சேர்ந்துவிடும். வடக்கே எந்தச் சாலை, தெற்கே எந்த ஆறு, ரயில் நிலையம் எவ்வளவு தூரம், கடந்த ஆறு மாதத்தில் எத்தனை வீடுகள் என்ன விலைக்கு விற்றன என்பவை சரிபார்க்கக்கூடிய விவரங்கள். 'நல்ல' என்பதைச் சரிபார்க்க முடியாது.

லட்சக்கணக்கான அறிக்கைகளில் யார் என்ன எழுதுகிறார்கள் என்று மனிதர்களால் படித்துத் தீராது. இயந்திரத்தால் முடியும். ஃபேனி மே, ஃப்ரெடி மேக்கை மேற்பார்க்கும் கூட்டாட்சி வீட்டுநிதி முகமை, கணினிவழித் தேடலில் கிடைத்ததை 2021 டிசம்பரில் வெளியிட்டது. கருப்பினத்தவர் விகிதம் மாநிலச் சராசரிக்கு மேல் என்று ஓர் அறிக்கை சொன்னது. தொடக்கத்தில் வெள்ளையருக்கு மட்டுமாக இருந்த இடம் என்று இன்னொன்று நினைவூட்டியது. இனம் மதிப்பீட்டுக் காரணி அல்ல என்ற வரி அச்சாகியிருந்த அதே படிவத்தில் எழுதப்பட்டவை இவை. அதே ஆண்டு செப்டம்பரில் ஃப்ரெடி மேக் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மதிப்பீடுகளை ஆராய்ந்து சொன்ன கணக்கு இன்னும் கனமானது. பேசி முடித்த விலையைவிடக் குறைவாக மதிப்பிடப்பட்ட வீடுகள் வெள்ளையர் பகுதிகளில் 7.4 சதவீதம், கருப்பினத்தவர் பகுதிகளில் 12.5 சதவீதம், லத்தீன் மக்கள் பகுதிகளில் 15.4 சதவீதம்.

கலிபோர்னியாவின் மரின் சிட்டியில் ஒரு கருப்பினத் தம்பதியின் வீடு 2020-ல் 9,95,000 டாலர் என்று மதிப்பிடப்பட்டது. இரண்டாம் முறை மதிப்பீட்டாளர் வரும் முன் அவர்கள் சுவரிலிருந்த குடும்பப் படங்களைக் கழற்றி வைத்தார்கள். வெள்ளை இனத் தோழி ஒருவர் வீட்டுக்காரர்போல நின்று வரவேற்றார். வந்த மதிப்பு 14,82,500 டாலர். தம்பதி வழக்குப் போட்டார்கள். 2023-ல் அது சமரசத்தில் முடிந்தது. அந்த முதல் அறிக்கைக்கு உரிய படிவத்திலும் 1993-ன் வரி அச்சாகித்தான் இருந்தது.

ஆகவே அந்த ஒரு வரி போதாது. சொல்லைத் தடுப்பதால் எண்ணம் தானாக மாறிவிடாது. அந்த எண்ணத்தை அதிகாரபூர்வக் காகிதத்தில் ஏற்றிப் பிறர் தலையில் கடனாகவும் கதவடைப்பாகவும் கட்டுவதைத்தான் தடுக்க முடியும். அதையாவது செய்கிறது என்பதால் அந்த வரி இருந்தே ஆக வேண்டும். அதோடு விலக்கப்பட்ட சொற்களின் பட்டியலும் தளர்த்தப்படக் கூடாது. 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மதிப்பீட்டாளர்களின் தேசிய விதிப்புத்தகத்தில், ஒழுக்க விதியின்கீழ் பாகுபாட்டைத் தடைசெய்யும் தனிப் பகுதி ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. 1924-ன் ஒழுக்க விதி குடிவைக்காதே என்றது. நூறு ஆண்டுக்குப் பின் வந்த ஒழுக்க விதி பாகுபாடு காட்டாதே என்கிறது.